தந்தை ஏறிய விமானம்

ஆகாய விமானத்தை ஆக்கிய சகோதரர் இருவருள் இளையவரான ஓர்வில் றைற், அமெரிக்க நாட்டு டேற்றன் நகரில் 1871இல் பிறந்தார். தந்தையார் மில்டன் கிறித்தவ ஆயர். அவர் 1878இல், தக்கையும் மூங்கிலும் கடதாசியுங் கொண்டு ஆக்கப்பெற்று இரப்பர் முறுக்கினாற் பறக்கும் பொம்மையொன்றை மைந்தருக்குக் கொணர்ந்தார். அது உடைந்ததும் சிறுவர் அதுபோன்றவற்றைத் தாமே செய்யலாயினர். சிறியவை பறந்தன, பெரியவை பறக்க மறுத்தன. கைத்திறனோ தாய்வழிச் செல்வம். அன்னையார் சூசன் வண்டி செய்வோரின் மகள்; பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள்களைத் தம் கையாலேயே செய்தளித்தவர். 1889இல் காசநோய்க்கு இரையான அவர், மைந்தர் பறந்ததைக் கண்டாரல்லர். கம்பளையில் என் மாணாக்கர் வகுப்பிலே கடதாசி விமானம் விட்டால், இவ்வரலாற்றை எண்ணி வாளாவிருந்துவிடுவேன்.

1903 டிசம்பர் 17இல் ஓர்வில் முதன்முதற் பறந்தது 12 விநாடி. கடந்தது 120 அடி. செய்தி அன்றே தந்தி வழியாகத் தந்தையாரை அடைந்தது.

அவருக்கு ஓர் அச்சம் இருந்தது. மைந்தர் இருவரும் ஒருங்கே ஏறி வீழ்ந்தால் என் செய்வது? ஆதலின் இருவரும் ஒன்றாகப் பறப்பதில்லையென வாக்களித்திருந்தனர். அவ்வச்சம் வீணன்று. 1908இல் ஓர்வில் செலுத்திய விமானம் வீழ்ந்து, உடன்சென்றவர் மாண்டார். ஓர்வில் கால் முறிந்து கிடந்தார்.

1910 மே 25இல் தந்தையார் இசைந்தார். ஓர்விலும் தமையன் வில்பரும் முதலும் கடைசியுமாக ஒன்றாய்ப் பறந்து இறங்கினர். பின்னர் ஓர்வில், 81 வயதுத் தந்தையாரை அருகிருத்தி 350 அடி உயரம் கொண்டுசென்றார். கிழவர் அஞ்சினாரல்லர், இன்னும் மேலே செல்லுமாறு மகனை ஏவினார்!

இரண்டாண்டு கழித்து வில்பரைக் கொண்டுபோனது விமானமன்று, நெருப்புக்காய்ச்சல். தந்தையார் 1917இல் மறைந்தார். ஓர்வில் 1948வரை வாழ்ந்தார்.