யார் இந்த மருதநாயகம்? தூக்கிலிட்டவர்களின் கடிதங்களில் வாழும் மதுரை கான்சாகிபு!

மதுரை சம்மட்டிபுரத்தில் அடக்கமாகியிருக்கும் கான்சாகிபுதான் நமக்குத் தெரிந்த மருதநாயகம். பனையூரில் பிறந்து, கிழக்கிந்திய கம்பெனியின் சிப்பாய்ப் படைத் தளபதியானவர். 1759-ல் மதுரைச் சீமை நிர்வாகமும் வரி வசூலும் அவர் கைக்கு வந்தன.

ஆற்காடு நவாபுக்கு அடங்க மறுத்ததும் மோதல் வெடிச்சது. 1763-ல் கம்பெனியும் நவாபும் முற்றுகையிட்டும் மதுரைக் கோட்டை விழவில்லை. அடுத்த வருஷம் கூட இருந்தவங்களே காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபர் 15-ல் தூக்கிலிடப்பட்டார்.

இதெல்லாம் எப்படித் தெரியும்? வியாபாரத்துக்கு வந்த கம்பெனிக்காரர்கள் கையால் எழுதிய கடிதங்கள், ஆவணங்கள்தான் முக்கிய ஆதாரம். அவற்றை வைத்தே 1914-ல் எஸ்.சி.ஹில் அவரைப் பற்றி புத்தகம் எழுதினார். அதில் அவர் 'கலகக்காரர்'. நம்ம ஊர் நினைவில் அவர் யார்? அதைச் சொல்வது 'கான்சாகிபு சண்டை' கதைப்பாடல். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் முழு மருதநாயகம் கிடைப்பார்.