மலைச்சரிவில் ஒலித்த பாட்டு: மீனாட்சியம்மாள்

இலங்கை மலையகத் தமிழ்க் கவிதையின் முன்னோடிகளை எண்ணுங்கால் மீனாட்சியம்மாளை விலக்கிவிட இயலாது. தஞ்சையினின்று சென்று தோட்டத் தொழிலாளர் இயக்கத்திற்கு வித்திட்ட கோ. நடேசய்யரின் வாழ்க்கைத் துணைவியார் அவர். ஆயினும் கணவரின் நிழலாக மட்டும் அவர் நின்றதில்லை. 'தேசபக்தன்' இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி எழுதினார்.

அந்நாளில் தேயிலைத் தோட்டப் பெண்ணின் நிலை இரங்கத்தக்கது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்றாக வேண்டும். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த குறைந்தபட்ச நாட்கூலி, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம். பெண்ணுக்கோ 43 சதம். அதனையும் பல வேளைகளில் கணவனோ தந்தையோ பெற்றுக்கொண்டனர்.

எழுத்தறியாத அம்மக்களைத் துண்டுப் பிரசுரம் எட்டாது, பாட்டு எட்டும். இதனை உணர்ந்த அம்மையார், பாரதியார் பாடல்களோடு தாம் இயற்றியவற்றையும் மக்களறிந்த மெட்டுகளில் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். பாடலுக்காகக் கூடியோர் நடேசய்யரின் உரைக்கும் செவிசாய்த்தனர். 1931இல் தோன்றிய அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்திற்கு அக்குரல் பெருந்துணையாயிற்று.

1939இல் இந்தியத் தொழிலாளருக்கு எதிர்ப்பு வலுத்தது. மறு ஆண்டே அம்மையாரின் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாடல் நூல் வெளிவந்தது. யாப்பழகு ஒன்றையே கொண்டு அப்பாடல்களை அளத்தல் பொருந்தாது. சிதறிக் கிடந்தோரை ஒன்றுகூட்டிய ஆற்றலே அவற்றின் அளவுகோல்.

தோட்டப் பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான நாட்கூலி 1984இல்தான் கிட்டியது. அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே தொழிலாளர் நடுவே நின்று பாடிய பெண்குரல் மீனாட்சியம்மாளுடையது.