அலைகளை வென்ற ஆரத்தி சாஹா

சென்ற விளையாட்டு விழாவில் 800 மீட்டர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் மூச்சு வாங்கவே, நான் பாதியில் நின்றுவிட்டேன். அதன் பிறகுதான் ஆரத்தி சாஹாவின் வரலாற்றைப் படித்தேன். நம் ஓரிக்கையை ஒட்டிய பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பதால், நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. ஆயினும் அவருடைய வாழ்க்கை நம் அனைவர்க்கும் நல்லதொரு பாடமாகும்.

ஆரத்தி 1940ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். மூன்று வயது நிறையும் முன்னரே தாயை இழந்த அவரைப் பாட்டி வளர்த்தார். படித்துறைக்குக் குளிக்கச் சென்ற இடத்தில் நீச்சல் பழகினார். மகளின் ஆர்வத்தைக் கண்ட தந்தை அவரை ஹாட்கோலா நீச்சல் கழகத்தில் சேர்த்தார். ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற சச்சின் நாக் அவரது திறமையைக் கண்டறிந்து பயிற்சி அளித்தார். பன்னிரண்டு வயது நிறையும் முன்பே, 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆரத்தி இந்தியாவின் சார்பில் நீந்தினார்.

பின்னர் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் ஆசை அவருள்ளத்தில் எழுந்தது. பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நேர்த்தொலைவு ஏறக்குறைய 33 கிலோமீட்டர்தான். ஆனால் நீரோட்டம் பக்கவாட்டில் இழுப்பதால் நீந்த வேண்டிய தூரம் மிகுதியாகும். குளிர்ந்த நீர் காற்றைவிடப் பன்மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். தசைகளில் சேமித்த சர்க்கரைச் சத்தும் சில மணி நேரத்தில் குறைந்துவிடும். துணைக்கு வரும் படகைத் தொட்டு இளைப்பாறவும் கூடாது.

இதற்காக 1959 ஏப்ரலில் கல்கத்தா தேசபந்து பூங்காக் குளத்தில் எட்டு மணி நேரம் இடைவிடாது நீந்தினார். பின்னர் அதனைப் பதினாறு மணி நேரமாக உயர்த்தினார். சிறிது சிறிதாகக் கூட்டும் இத்தகைய பயிற்சியால், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை அனுப்பக் கற்றுக்கொள்கிறது. தசைகள் கொழுப்பை எரித்துச் சர்க்கரையை மிச்சப்படுத்துகின்றன. களைப்பு வந்தாலும் இன்னும் முடியும் என்ற நம்பிக்கை மனத்தில் வேரூன்றுகிறது.

1959 ஆகஸ்ட் 27 அன்று முதல் முயற்சி. துணைப் படகு தாமதமாக வந்தது. இங்கிலாந்துக் கரை சில மைல் தொலைவில் இருக்கையில் எதிர் நீரோட்டம் தடுத்தது. பல மணி நேரம் போராடியும் பயனின்றி அவர் படகில் ஏற நேர்ந்தது. உடல் தளர்ந்த அந்த வேளையில் அவர் ஊர் திரும்பியிருந்தால் யார் குறை கூறியிருப்பர்? ஆனால் ஆரத்தி அங்கேயே தங்கி மீண்டும் முயன்றார். செப்டம்பர் 29 அன்று பிரான்சின் கிரி நே முனையில் இறங்கி, 16 மணி 20 நிமிடங்களில் இங்கிலாந்தின் சாண்ட்கேட் கரையை அடைந்தார். கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி என்ற புகழ் அவரைச் சேர்ந்தது. 1960இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1994 ஆகஸ்ட் 23 அன்று மறைந்தார். 1999இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

அன்புத் தோழியரே! பொறுமையாகத் தறி மிதித்து, இழை இழையாகப் பட்டுச் சேலையை நெய்து முடிப்போரை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆரத்தியின் வெற்றியும் அவ்வாறு நாள்தோறும் சேர்த்ததே. நானும் காலையில் மெதுவாக ஓடி, வாரந்தோறும் தூரத்தைச் சிறிது கூட்டி வருகிறேன். இவ்வாண்டு 800 மீட்டருக்கு மீண்டும் பெயர் கொடுத்திருக்கிறேன். பரிசு கிடைக்காவிடினும், இம்முறை கோட்டைக் கடக்கும்வரை நிற்க மாட்டேன்.