பாசியியல் பேரறிஞர் பார்த்தசாரதி ஐயங்கார்

நீலகிரியினின்று இழிந்து மேட்டுப்பாளையத்தை அடுத்து ஓடும் பவானியாற்றில் இறங்குவோர், பாறைகள் கால் வழுக்குதலை அறிவர். பாறைமேற் படிந்த பழுப்பு நிறப் படலத்தில் டையாட்டம் என்னும் ஒரு செல் பாசிகள் எண்ணிறந்தன வாழ்கின்றன. இத்தகைய நுண்ணிய பாசிகளை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட தமிழகத்து அறிஞர் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் ஆவார்.

இவர் 1886ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர் அங்கேயே தாவரவியல் பேராசிரியரானார். பேராசிரியரான பின்னும் கற்பதை விட்டாரல்லர். நாற்பது வயதைக் கடந்தபின், 1930இல் இலண்டன் சென்று, பிரிட்ஷ் என்னும் பாசியியல் வல்லுநரிடம் மாணவராய் அமர்ந்தார். தாம் கண்டறிந்த புதிய பாசியொன்றுக்குப் பிரிட்ஷியெல்லா எனப் பெயரிட்டு ஆசிரியரைப் போற்றினார். நாடு திரும்பியபின் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநராய்ப் பணியாற்றினார்.

டையாட்டத்தின் ஓடு, மூடியோடு கூடிய கண்ணாடிச் சிமிழ் போன்றது, சிலிக்காவால் ஆயது. உயிர் இரண்டாகப் பிரியுங்கால், மூடி ஒரு சேய்க்கும் அடித்தட்டு மற்றொரு சேய்க்கும் சேரும். இரண்டும் தாம் பெற்ற பகுதியை மூடியாகக் கொண்டு, உள்ளடங்கும் அடித்தட்டைப் புதிதாக ஆக்கிக்கொள்ளும். ஆதலின் ஒரு சேய் தாயினும் சிறுத்துவிடும். இவ்வாறே சிறுத்துக்கொண்டு சென்றால் இனம் அழிந்துபடாதோ? அழியாமற் காப்பது ஆக்சோஸ்போர் என்னும் வித்தாகும். அது பழைய ஓட்டைக் களைந்து, பருத்து, முழு அளவுள்ள புதிய ஓட்டைப் பெறும்.

டையாட்டங்களை வட்ட வடிவின, நீள் வடிவின என இருவகைப்படுத்துவர். நீள் வடிவினவற்றில் பாலினச் சேர்க்கையால் அவ்வித்துத் தோன்றுமென்பது அறியப்பட்டிருந்தது. வட்ட வடிவினவற்றில் அங்ஙனமன்று என அறிஞர் பலர் எண்ணினர். ஐயங்காரும் அவர்தம் மாணவர் ஆர். சுப்பிரமணியனும் நன்னீரில் வாழும் சைக்ளோட்டெல்லா என்னும் வட்ட வடிவினதை ஆராய்ந்தனர். அதிலும் உட்கரு குன்றல் பகுப்படைந்து, பின்னர் இரு உட்கருக்கள் கூடியே அவ்வித்துத் தோன்றுகிறதென 1942, 1944ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். இதனால் இருவகையும் வாழ்க்கை முறையில் ஒத்தவை என்பதற்குச் சான்று கிடைத்தது. வட்ட வடிவினவற்றிலிருந்தே நீள் வடிவின தோன்றின என்பது இன்றைய அறிஞர் கொள்கை.

ஒரே செல்லின் உட்கருக்களே தம்முள் கூடுகின்றன என ஐயங்கார் கருதினார். 1968இல் அதே இனத்தில் நீந்திச் செல்லும் ஆண் செல்கள் காணப்பட்டமையால், அக்கருத்துத் திருத்தம் பெற்றது. குன்றல் பகுப்புப் பற்றிய முடிவோ நிலைபெற்றது. 1963இல் மறைந்த அவர், இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். திருத்தம் பெறுதல் அறிவுக்கு இழுக்கன்று, ஆராயாதிருத்தலே இழுக்கு. ஆற்றுப் பாறையின் பாசியும் ஆராயத் தக்கதே என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.