படைத்தலைவர் ஸ்மெட்லி பட்லர்

1881-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30-ஆம் நாள் ஐக்கிய அமெரிக்க நாட்டின் பென்ஸில்வேனியா மாகாணத்து வெஸ்ட் செஸ்டர் என்னும் ஊரிலே ஸ்மெட்லி பட்லர் பிறந்தார். அவர் குடும்பத்தார் குவேக்கர் சபையினர். போரை வெறுக்கும் மரபினர். அத்தகைய இல்லத்துப் பிள்ளை வாளேந்தியது எங்ஙனம் என வாசகர் வினவலாம். 1898-இல் ஸ்பெயின் தேசத்தோடு போர் மூண்டது. பதினாறே வயதினரான பட்லர் தம் வயதைக் கூட்டிச் சொல்லி மரீன் படையிற் சேர்ந்துவிட்டார். மரீன்கள் என்போர் கப்பலிற் சென்று கரையிலிறங்கிப் பொரும் வீரர்.

1900-இல் சீனத்து டியன்ட்ஸின் நகரில், காயமுற்ற அதிகாரி ஒருவரைக் காக்கச் சென்று தாமும் தொடையிற் குண்டுபட்டார். 1914-இல் மெக்ஸிகோ நாட்டு வேராக்ரூஸ் துறைமுகம் கைப்பற்றப்பட்டபோது, நாட்டின் தலையாய வீரப்பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. தாம் அதற்குரியன எதுவும் செய்யவில்லையென்று அவர் அதனைத் திருப்பி அனுப்பினார். அணிந்தேயாக வேண்டுமென்று மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது! மறு ஆண்டே ஹெய்ட்டி நாட்டில் ரிவியேர் மலைக்கோட்டையை, மதிலிலிருந்த சிறு வடிகால் துளை வழியே நுழைந்து பிடித்தமைக்காக இரண்டாம் பதக்கமும் பெற்றார். அத்துளையில் அவருக்கு முன் நுழைந்தவர் அயாம்ஸ் என்னும் ஸார்ஜண்ட். கோட்டைக்குள் மடிந்தோர் சுமார் ஐம்பதின்மர். அவர்கள் தங்கள் மண்ணில் அந்நியரை எதிர்த்தவர்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

முதல் உலகப்போரில் அவர் விரும்பிய போர்முனை கிட்டவில்லை. பிரான்சு நாட்டுப் பிரெஸ்ட் துறைமுகத்தருகே, சேறும் நோயும் நிறைந்த படைமுகாம் ஒன்றே அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் மனம் நொந்தாரெனினும் வாளாவிருந்திலர். துறைமுகத்துக் கிடங்கிற் கிடந்த நடைபலகைகளைத் தாமே தோளிற் சுமந்து வந்து சேற்றிற் பரப்பினார். சிப்பாய்கள் அப்பலகையின் பெயராலேயே அவரை அன்புடன் அழைத்தனர். நம் கருத்தில் அவ்விரு பதக்கங்களினும் இப்பெயரே பெரிது.

1931-இல் மேஜர் ஜெனரலாக ஓய்வுபெற்றார். மறு ஆண்டு, போர்ப்பணிக்குரிய உதவித்தொகையைக் கோரி வாஷிங்டனில் கூடாரமிட்டிருந்த முன்னாட் சிப்பாய்களிடம் சென்று ஊக்கமளித்தார். சில நாட்களில் அரசாங்கம் இராணுவத்தை ஏவி அவர்களை விரட்டியது. பட்லர் உள்ளம் கொதித்தது. ஊரூராய்ச் சொற்பொழிவாற்றலானார். போரென்பது சிலர் பொருளீட்டப் பலர் உயிர்கொடுக்கும் மோசடி வாணிபமே என்று 1935-இல் சிறு நூலும் வெளியிட்டார். மெக்ஸிகோவில் தாம் புரிந்த சேவை எண்ணெய் வணிகர்க்கும், ஹெய்ட்டியிற் புரிந்த சேவை வங்கிக்காரர்க்குமே பயன்பட்டதென்று வெளிப்படையாய் ஒப்புக்கொண்டார். மார்பில் இரு பதக்கம் தாங்கியவர் இதனைச் சொல்ல எத்துணைத் துணிவு வேண்டும்! பழைய தோழர் சிலர் முகஞ்சுளித்தனர், அவர் பொருட்படுத்தவில்லை.

1940-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள், ஐரோப்பாவில் மீண்டும் பெரும்போர் நடந்துகொண்டிருக்கையில், பிலடெல்பியாக் கடற்படை மருத்துவமனையில் உயிர் நீத்தார். பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.