கோகலேயின் தோல்வி

ரத்தினகிரி ஜில்லாவில் 1866-ல் எளிய குடும்பத்தில் பிறந்த கோபால கிருஷ்ண கோகலே, சொற்ப சம்பளத்தில் பல்லாண்டு பெர்குஸன் கலாசாலையில் போதித்தவர். 1911-ல் இம்பீரியல் சட்டசபையில் அவர் கொணர்ந்த மசோதா மிக அடக்கமானது. ஸ்தல ஸ்தாபனம் விரும்பி, சர்க்காரும் இசைந்தால் மாத்திரமே, 6 முதல் 10 வயதுச் சிறுவர்க்கு ஆரம்பக் கல்வி கட்டாயமாகலாம் என்பதே அது. உத்தியோகஸ்தர் செலவைக் காட்டித் தடுத்தனர். நிலப்பிரபுக்கள் கூலியாள் குறையுமென்று அஞ்சினர். தோல்வி நிச்சயமென்றறிந்தும் கோகலே பின்வாங்கவில்லை. 1912 மார்ச்சில் ஆதரவாக 13, எதிராக 38 வாக்குகள் விழுந்தன. 1915-ல், 48-வது வயதில், அவர் காலஞ்சென்றார்.

கல்வியைக் குழந்தைகளின் உரிமையாக்கிய சட்டம் 2009-ல்தான் நிறைவேறிற்று. இடையே எழுத்தறியாது மடிந்தோர் எத்தனை கோடி! சட்டசபையில் கை தூக்குவோர் அந்த 38 வாக்குகளை மறவாதிருப்பாராக என்று வேண்டுகிறோம்.