அலைகளைத் தொடர்ந்த ராமன்

புதுவைக்கு வடக்கே, கனகசெட்டிக்குளத்துக் கரையில் நின்றால், அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வருவதைக் காணலாம். கடல் நீரே ஓடி வருவதாகத்தான் தோன்றும். ஆனால் கரைக்கு அப்பால் மிதக்கும் கட்டுமரத்தைக் கவனியுங்கள். அலை வந்ததும் ஏறுகிறது, கடந்ததும் இறங்குகிறது, ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கிறது. ஓடுவது நீரல்ல, அசைவு. கரையருகே ஆழம் குறையக் குறைய, அலையின் வேகம் தணிகிறது. பின்னால் வருவது முன்னதை நெருங்குகிறது. அலை உயர்ந்தெழுந்து, தலைகுப்புற விழுந்து நுரைக்கிறது.

இதே வங்கக் கடலோரம், வடக்கே விசாகப்பட்டினத்தில் வளர்ந்த சிறுவன்தான் பிற்காலத்தில் ஸர் சி. வி. ராமன் என்று உலகப் புகழ் பெற்றவர். பிறந்தது திருச்சியை அடுத்த திருவானைக்காவலில், 1888 நவம்பர் 7-ந் தேதி. தந்தை சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர். பிடில் வாசிப்பதில் பிரியமுள்ளவர்.

துறைமுக வாயிலில் நுழையும் கடலலை உள்ளே விரிந்து பரவும் அல்லவா? ஒளியும் குறுகிய துவாரத்தின் வழியே செல்லும்போது அவ்விதமே விரிகிறது. சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியில் படிக்கையில் ராமன் இதை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, 1906-ல் லண்டன் பத்திரிகையில் வெளிவந்தது. அப்போது அவருக்குப் பதினெட்டு வயதுதான்!

மறு ஆண்டு நிதி இலாகாவில் பெரிய உத்தியோகம் கிடைத்தது. பகலெல்லாம் கல்கத்தாவில் சர்க்கார் கணக்கு. காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞானச் சங்கத்தில் ஆராய்ச்சி. பல ஆண்டுகள் இப்படி இரட்டை வாழ்க்கை. 1917-ல் கல்கத்தா சர்வகலாசாலையில் பேராசிரியர் பதவியை ஏற்றார். சம்பளம் ஏறக்குறைய பாதிதான். சர்க்கார் உத்தியோகத்தைத் தெய்வமாக மதித்த காலம் அது. ராமன் தயங்காமல் கணக்கு ஏட்டை மூடிவிட்டார்.

நமது வாத்தியங்களையும் அவர் விடவில்லை. சாதாரண மேளத்தின் தோல் அதிரும்போது எழும் ஒலிகள் ஒன்றோடொன்று இசையாமல் சிதறிப் போகும். மிருதங்கத்தின் வலந்தலையிலோ, நடுவில் இட்ட கரிய கரணையின் கனம் அந்த அதிர்வுகளைச் சீர்படுத்தி, தந்தியின் நாதம்போல் சுருதி சேர வைக்கிறது. 1920-ல் ராமன் இதை உலகுக்கு எடுத்துரைத்தார். பெயர் தெரியாத நம் தொழிலாளர்கள் பரம்பரையாகக் கையாண்ட வித்தைக்குப் பௌதிகம் அப்போதுதான் காரணம் சொன்னது.

1921-ல் இங்கிலாந்து சென்றார். லண்டன் ஸெயின்ட் பால் தேவாலயத்தின் வட்ட மாடத்தில், சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்ப்புறம் கேட்கும். அங்கும் ஒலியலைகளைச் சோதித்தார். திரும்பும் வழியில் கப்பலின் மேல்தட்டில் மற்றவர்கள் காற்று வாங்க, இவர் கடலின் நீலத்தை ஆராய்ந்தார். வானத்தின் பிரதிபிம்பமே அந்த நீலம் என்று மாமேதை ராலே கூறியிருந்தார். ராமன் ஒரு நிக்கல் பட்டகத்தைக் கண்ணருகே பிடித்து, நீர்ப்பரப்பில் பிரதிபலித்த ஒளியை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, மேலும் ஆழ்ந்து தோன்றியது! நீரின் அணுத்திரள்களே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவு கட்டினார்.

அந்தச் சிதறலைத் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் உழைத்தார். 1928 பிப்ரவரி 28-ந் தேதி, திரவத்தில் செலுத்திய ஒரே நிற ஒளி சிதறும்போது, அதில் ஒரு சிறு பகுதி அலைநீளம் மாறி வெளிப்படுவதைக் கண்டார். சீடர் கே. எஸ். கிருஷ்ணன் உடன் உழைத்திருந்தார். 1930-ல் நோபல் பரிசு வந்தது. வேடிக்கை என்னவென்றால், அலைகளையே நம்பி வாழ்ந்தவரின் கண்டுபிடிப்பு, ஒளி துகள்போலவும் நடக்கிறது என்ற புதிய கொள்கைக்குப் பலமான சாட்சியாயிற்று.

பின்னர் பெங்களூரில், நாகேந்திரநாத்துடன் சேர்ந்து, திரவத்தில் ஓடும் ஒலியலை ஒளியலையை எவ்விதம் பிரித்துத் திருப்புகிறது என்று கணக்கிட்டார். எண்பது வயதைத் தாண்டியும் ஓயவில்லை. 1970 அக்டோபர் 2-ந் தேதி நிகழ்த்திய காந்தி நினைவுச் சொற்பொழிவில், மனிதச் செவி ஒலியை எப்படி உணர்கிறது என்பதைப் பற்றிப் பேசினார். ஏழு வாரங்களுக்குப் பின், நவம்பர் 21-ந் தேதி காலமானார்.